முதலில் மாஸ்க், பிறகுதான் கேமரா

அந்தமானுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாமா, தண்ணிக்குள்ள படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்? ரொம்ப விலை வேண்டாம்." கேட்பவர்களில் பலருக்கு நீச்சலே தெரியாது. ஸ்நார்கெல் குழாயை வாயில் கடித்து மூச்சுவிட்டுப் பார்த்ததும் இல்லை. ஆனால் கேமரா வாங்கக் காசு எடுத்து வைத்திருப்பார்கள். ஆசையில் தப்பில்லை. பவளப்பாறையைக் கண்ணால் பார்த்தவர், வீட்டில் இருக்கிற அம்மாவுக்கும் அதைக் காட்டத்தான் நினைப்பார். சம்பாதிக்கத் தொடங்கிய காலத்துக் காசை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

முதல் காசு மாஸ்க்குக்கு. வாடகைக்குக் கிடைக்கும் மாஸ்க் பல முகங்களுக்குப் போய் வந்தது. ஓரம் தளர்ந்து தண்ணீர் கசியும். கண்ணில் உப்புநீர் எரியும்போது எந்தக் கேமராவும் உதவாது. கடையில் பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. மீசை அடர்த்தியாக இருந்தால் அதன் வழியே நீர் வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் வாங்கிவிடுங்கள். கிட்டப்பார்வைக்கு அது தயாராகவே விற்கிறது. புது மாஸ்க்கின் உள்பக்கக் கண்ணாடியைப் பற்பசை தொட்டுத் தேய்த்துக் கழுவினால் ஆவி படிவது குறையும். முகம் முழுவதையும் மூடுகிற மாஸ்க்கில் எனக்குச் சம்மதமில்லை. மலிவானவற்றில் நாம் வெளிவிட்ட காற்றே உள்ளே தேங்கும் அபாயம் உண்டு, அவசரத்துக்குச் சட்டென்று கழற்றவும் வராது.

மாஸ்க்கோடு இறங்கும் முதல் முறை கேமராவைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன். கையில் கேமரா இருந்தால் கவனம் திரைக்குப் போய்விடும்; மூச்சு ஒழுங்கு தப்பும்; அலை எங்கே இழுக்கிறது, கூட வந்தவர் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் மறந்துபோகும். வாயால் நிதானமாக மூச்சுவிட்டு, குழாய்க்குள் தண்ணீர் வந்தால் பலமாக ஊதி வெளியேற்றப் பழகுங்கள். ஹேவ்லாக் தீவின் எலிஃபெண்ட் பீச்சில் ஆழமில்லாத இடத்திலேயே பாறை தொடங்கிவிடும். அங்கே லைஃப் ஜாக்கெட்டோடு சும்மா மிதந்தால் போதும். கிளிமீன் பாறையைக் கடிக்கிற சத்தம் 'கறுக் கறுக்' என்று காதில் விழும். அந்தச் சத்தம் கேட்கிற அளவுக்கு உங்கள் மூச்சு அடங்கிவிட்டதென்றால் அடுத்த முறை கேமரா எடுத்துக்கொள்ளலாம்.

முதல் பயணத்துக்குக் கேமரா என்று பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வழிகாட்டிகள் பலரிடம் கேமரா இருக்கும். நீங்கள் தண்ணீரில் இருக்கிற படத்தை அவர்களே எடுத்துத் தருவார்கள். சொந்தமாக எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால், வீட்டில் கிடக்கிற பழைய போனும் ஒரு நீர்புகாப் பவுச்சும் போதும். நல்ல பவுச்சே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். போனை உள்ளே வைப்பதற்கு முன் ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்துப் பூட்டி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வையுங்கள். காகிதம் உலர்ந்தே இருந்தால் நம்பலாம். தொடுதிரை தண்ணீருக்குள் சரியாக வேலை செய்யாது. அதனால் சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானாலேயே படம் எடுக்கும்படி முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள், அல்லது மேலே இருக்கும்போதே வீடியோவை ஓடவிட்டு இறங்குங்கள். "என் போன் ஐ.பி.68, பவுச் எதுக்கு?" என்று கேட்பீர்கள். ஐ.பி.68 என்பது போன் நீரைத் தாங்குவதற்கான தரக்குறியீடு; அதற்கான சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. கடல் உப்புக்கு அது உத்தரவாதம் இல்லை. தண்ணீர் புகுந்து பழுதானால் வாரண்டியும் பொதுவாகக் கைகொடுக்காது.

இரண்டாவது, மூன்றாவது முறையும் கடலுக்குப் போகத் தோன்றுகிறதா? அப்போது ஆக்‌ஷன் கேமரா வாங்குங்கள். கோப்ரோவின் ஹீரோ வரிசைக் கேமராக்களில் பலவும் நீர்புகாத் தனிப் பெட்டி இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும். ஸ்நார்கெலிங் செய்கிறவர் பெரும்பாலும் தண்ணீரின் மேற்பரப்பிலேயே மிதப்பவர். அவருக்கு 10 மீட்டர் தாராளம். இரண்டு தலைமுறை பழைய மாடலை நம்பிக்கையான இடத்தில் வாங்கினால் பணம் மிச்சம். அதைவிட மலிவான கேமராக்கள் பெட்டிக்குள் வைத்தால்தான் நீரைத் தாங்கும். அவையும் போதும், பெட்டியை நீங்கள் பராமரிப்பீர்கள் என்றால். சிறு உயிர்களை நெருக்கத்தில் எடுக்கிற பித்துப் பிடித்தவர்களுக்கு ஒலிம்பஸ் பெயரில் அறிமுகமான டி.ஜி. வரிசை இருக்கிறது. 15 மீட்டர் தாங்கும், 1 சென்டிமீட்டர் வரை நெருங்கி எடுக்கலாம். விலை கூடியது. அந்தப் பித்து உங்களுக்கு இருக்கிறதா என்று தெரிந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் மணிக்கட்டுப் பட்டையும் மிதவைக் கைப்பிடியும் சேர்த்தே வாங்குங்கள். கை நழுவிய கேமரா கல்லாக மூழ்கிவிடும்.

பெட்டியின் கதவைச் சுற்றி ஓ-ரிங் என்று மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். குக்கருக்குக் கேஸ்கட் எப்படியோ, கேமராவுக்கு அது அப்படி. ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் அதில் ஒட்டியிருந்தாலும் அந்த இடைவெளியில் தண்ணீர் நுழையும். ஈரக் கையோடு, மணல் மேல் உட்கார்ந்துகொண்டு பெட்டியைத் திறக்காதீர்கள். அறையிலேயே மூடி எடுத்துப் போங்கள்; உள்ளே ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் ஆவி படியாது. கரையேறியதும் நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, துடைத்து, நிழலில் உலர்த்திய பிறகுதான் திறக்க வேண்டும். விலை மலிவான கேமராவும் இந்தப் பராமரிப்பில் பல வருடம் உழைக்கும். இது இல்லாமல் விலை உயர்ந்ததும் ஒரே நாளில் போய்விடும்.

படம் நன்றாக வருவதற்குக் கேமராவின் விலை காரணமில்லை. தண்ணீர் வெளிச்சத்தைத் தின்கிறது, அதிலும் சிவப்பு நிறத்தை முதலில் தின்கிறது. சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு மங்கி, எல்லாம் நீலமும் பச்சையுமாகிவிடும். வெளிச்சம் மேலிருந்து மீன் வரை இறங்கி, மீனிலிருந்து உங்கள் லென்ஸ் வரை வருகிற மொத்தத் தூரமும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கிற தண்ணீரைக் குறைப்பது ஒன்றே வழி. மாஸ்க் வழியே பார்க்கும்போது பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் நிஜத் தூரத்தைவிடப் பக்கமாகவும் தெரியும். கைக்கு எட்டும் என்று தோன்றும் மீன் உண்மையில் எட்டாது. ஒரு மீட்டருக்குள் வந்த பிறகு எடுங்கள். ஜூம் செய்யாதீர்கள்; ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள், போட்டால் தண்ணீரில் மிதக்கும் துகள்கள்தான் வெள்ளைப் புள்ளிகளாகப் பதியும்.

புதிதாக எடுப்பவர்களின் படத்தில் மீனின் முதுகுதான் இருக்கும், மேலிருந்து நேர் கீழே எடுப்பதால். கேமராவைச் சிறிய குச்சியில் பொருத்திக் கீழே நீட்டி, மீனின் மட்டத்தில் பக்கவாட்டில் எடுத்துப் பாருங்கள். முகமும் கண்ணும் கிடைக்கும். கடல் சாமந்திக்குள் வாழும் கோமாளி மீன் உங்களைக் கண்டதும் உள்ளே பதுங்கும். துரத்தாமல் மிதந்துகொண்டே இருங்கள். தானாகவே மறுபடி வெளியே வந்து எட்டிப் பார்க்கும். அந்தக் காத்திருப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அந்தமானில் குளிர்காலத்தில் மாலை 5 மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும்; பிற்பகலிலேயே தண்ணீருக்குள் வெளிச்சம் குறையத் தொடங்கும். காலையிலேயே இறங்குங்கள். நிறம் வெளிறி வந்த படத்துக்கு இலவசச் செயலியில் சற்றே சிவப்பு கூட்டினால் சீராகிவிடும்.

ஃபிலிம் சுருள் காலத்தில் நிலைமை வேறு. 1963-இல் நிகான் நிறுவனம் 'நிகோனோஸ்' என்ற நீருக்கடிக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடல் ஆய்வாளர் கூஸ்தோவின் குழுவுக்காக உருவான 'கலிப்ஸோ' கேமராவின் வழிவந்தது அது. ஒரு சுருளில் 36 படம். தண்ணீருக்குள் சுருளை மாற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் யோசித்தார்கள். உங்கள் கார்டில் ஆயிரக்கணக்கில் இடமிருக்கிறது. இருந்தாலும் ஒருநாள் 36 படம் மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள்.

ஒரு படத்துக்காகப் பவளத்தின் மேல் காலூன்றி நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குத் தாங்கவே முடிவதில்லை. கல்லாகத் தெரிவது உயிர். பல வகைப் பவளங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளர்பவை. 2004 சுனாமியிலும் 2010-இல் வந்த வெளிறலிலும் அடிபட்டவை இந்தத் தீவுகளின் பாறைகள். பவளம் இருக்கிற இடத்தில் காலூன்றாதீர்கள், மீனுக்கு ரொட்டி போட்டு அழைக்காதீர்கள். இங்கே உப்புநீர் முதலைகளும் உண்டு. 2010-இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கெலிங் செய்தவர் ஒருவர் முதலைக்குப் பலியானார். படத்துக்காக ஆள் இல்லாத கரையில் இறங்க வேண்டாம். அனுமதித்த இடத்தில், வழிகாட்டியோடு இறங்குங்கள். கரையொதுங்கிய பவளத் துண்டையும் பையில் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம்.

தண்ணீர் தெளிந்திருக்கும் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதற்கு முன் உங்கள் ஊர் நீச்சல் குளத்தில் மாஸ்க்கும் ஸ்நார்கெலும் போட்டு மூச்சுவிடப் பழகிவிட்டு வாருங்கள்.