ஆட்சி மாறினால் நம் வழக்கு என்ன ஆகும்?

ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்களும் மாறுவார்கள். தமிழ்நாட்டில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. 2021 மே மாதம் அரசுத் தலைமை வழக்கறிஞர் விஜய் நாராயண் விலகினார், ஆர். சண்முகசுந்தரம் வந்தார். அதற்கு முந்தைய ஆட்சி மாற்றங்களிலும் இதே கதைதான். மேலே தொடங்கும் இந்த மாற்றம் மாவட்ட அமர்வு நீதிமன்றம் வரை இறங்கி வரும். கட்சி வழக்கறிஞர்கள் எல்லோரும் அந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள்.

அமெரிக்காவிலும் இந்த வழக்கம் உண்டு. அங்கே 93 மத்திய அரசு வழக்கறிஞர் பதவிகள். புதிய அதிபர் வந்ததும் பழையவர்களை விலகச் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்குக் கீழே கோப்பைப் படித்து, சாட்சியை விசாரித்து வழக்கை நடத்தும் உதவி வழக்கறிஞர்கள் அப்படியே இருப்பார்கள். தலை மாறினாலும் வழக்கை அறிந்தவர் மாறுவதில்லை. 2021-இல் பைடன் வந்தபோது, அவருடைய மகன் மீதான விசாரணை நடந்துகொண்டிருந்ததால் டெலவரின் டேவிட் வைஸை மாற்றாமல் விட்டார்கள்.

நம் அமர்வு நீதிமன்றங்களில் நிலைமை வேறு. இங்கே மாற்றப்படுகிறவரே சாட்சிக்கு முன்னால் நின்று கேள்வி கேட்கிறவர். அவர் போனால், வழக்கைப் பற்றி அவர் மனதில் இருந்ததும் அவரோடு போய்விடும்.

கோவைப் பக்கம் வன்கொடுமை வழக்குகளில் குடும்பங்களோடு நீதிமன்றம் போவது என் வேலையின் ஒரு பகுதி. அருந்ததியர் தெருவைச் சேர்ந்த அம்மா ஒருவர், பாதி விசாரணையில் வழக்கறிஞர் மாறிவிட்டதைக் கேட்டு என்னிடம் சொன்னார்: "ஏங் கண்ணு, கவருமெண்ட்டு மாறுனா நம்ம கேசும் மாறிப்போகுமா? அந்த வக்கீலய்யாகிட்டத்தான எல்லாத்தையும் அழுது சொன்னேன்." புதியவருக்கு மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்குள் வாய்தா ஏறும். யாருடைய தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறோமோ அவரே எதிரியாக இருக்கும் ஊரில், ஒவ்வொரு வாய்தாவும் சாட்சியைக் கலைக்கக் கிடைக்கும் அவகாசம். குற்றப்பத்திரிகை தாக்கலான 2 மாதத்துக்குள் முடிந்தவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்வது இதனால்தான்.

வழக்கறிஞரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோகுல்ராஜ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் திருச்செங்கோட்டில் கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்த பையன். அவன் தாய் போராடியதால் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்குப் போனது. பவானி வழக்கறிஞர் ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞர் ஆனார். முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நடுவில் ஆட்சி மாறியது, மோகன் மாறவில்லை. அந்த வழக்கில் வழக்கறிஞர் மாறியது பாதிக்கப்பட்டவர் கேட்டதால். கட்சிக்காக நடக்கும் மாற்றத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1990-இல் உத்தரப் பிரதேச அரசு எல்லா மாவட்ட அரசு வழக்கறிஞர்களையும் ஒரே ஆணையில் நீக்கியபோது, ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தன்னிச்சையானது என்று ரத்து செய்தது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் 4-ஆம் விதிப்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம். சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் செயல்பாட்டை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், ஆய்வு செய்யவும் வேண்டும். இந்த விதி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

ஆகவே தோழர்களே, எந்தக் கட்சி வந்தாலும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: சாட்சி விசாரணை தொடங்கிவிட்ட வன்கொடுமை வழக்குகளில், பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்காமல் வழக்கறிஞரை மாற்றாதே. நல்லவர் என்றால் அவரே தொடரட்டும், சரியில்லை என்றால் நாங்கள் கேட்பவரைக் கொடு. புதிய அமைச்சருக்குச் சால்வை போடும் வரிசை நீளும் அந்த வாரத்திலேயே, ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு மனுவோடு நாம் ஆட்சியர் அலுவலகத்தில் நிற்க வேண்டும். மனுவில் 4-ஆம் விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.