மலைப்பாதையில் முதல் பாடம்

மோட்டார் வாகனம் ஓட்டக் கற்பது இன்று பெரிய புதுமையன்று. நம் கோவை நகரில் பெண்கள் ஸ்கூட்டரிலும் காரிலும் செல்வது அன்றாடம் காணும் காட்சி. ஆனால் தார்ச்சாலை முடிந்து, கல்லும் சேறும் தொடங்கும் இடத்தில் வண்டி ஓட்டுவது வேறொரு கலை. அதன் முதல் பாடத்தைச் சென்ற தை மாதக் குளிரில் வால்பாறை மலையில் கற்றேன். அந்த அனுபவத்தை என் தங்கைகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இப்பள்ளியில் பயின்று, செவிலியர் படிப்பை முடித்து, இப்போது வால்பாறைத் தேயிலைத் தோட்ட மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறேன். வால்பாறையை அறியாதவர் நம்மில் குறைவு. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைக் கடந்தால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய 3,500 அடி உயரம். சுற்றுலா வருவோர் தேயிலையின் பசுமையைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். தோட்டத்தின் உட்புறத்தில், தொழிலாளர் வாழும் லைன் வீடுகளுக்குச் செல்லும் பாதைகளை அவர்கள் பார்ப்பதில்லை. பருவமழை ஓய்ந்தபின் அப்பாதைகளில் ஆழமான சக்கரத் தடங்களும் உருண்டு கிடக்கும் கற்களுமே மிஞ்சும். மார்கழியிலும் தையிலும் பனி இறங்கி அவற்றை வழுக்கலாக்கிவிடும். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட ஒரு தாயை அழைத்துவர ஜீப் ஒன்றே துணை. ஓட்டுநர் ஊரில் இல்லாத நாளில் என்ன செய்வது? இக்கேள்விதான் என்னை ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தியது.

கார் ஓட்டும் உரிமமும் பழக்கமும் எனக்கு உண்டு, ஜீப்தான் புதிது. கற்றுத்தர மூவர் முன்வந்தனர். ஒருவர், 20 ஆண்டுகளாக மலையில் ஜீப் ஓட்டிவரும் மூத்த செவிலியர் அக்கா. மற்றவர், மருத்துவமனை ஓட்டுநர் அண்ணன். மூன்றாமவர், அவருடைய நண்பரான பொள்ளாச்சி விவசாயி. இரண்டு ஜீப்புகளில் சென்றோம். ஒன்று சிக்கினால் இழுக்க இன்னொன்று வேண்டுமல்லவா!

தோட்ட நிர்வாகத்திடம் முன்னதாகவே அனுமதி பெற்றிருந்தோம். தோட்டங்களைச் சூழ்ந்திருப்பது 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஆனைமலைக் காடு. அதற்குள் மனம்போனபடி வண்டி ஓட்டச் சட்டம் இடம் தராது. விடியற்காலையில் புறப்படவும் அக்கா சம்மதிக்கவில்லை. யானைகள் நிற்கும் இடத்தைக் கைபேசிச் செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு வால்பாறையில் உண்டு. அச்செய்தியைப் பார்த்து, மூடுபனியும் விலகிய பின்னரே, ஒன்பது மணிக்குக் கிளம்பினோம்.

"கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள்ள விடாதே அம்மிணி. சக்கரம் கல்லுல மோதினா வளையம் சுத்தி விரலை ஒடிச்சுப்போடும்" என்றார் அக்கா. இதுவே முதல் அறிவுரை.

ஜீப்பில் வழக்கமான கியர் கம்பியோடு சிறிய கம்பியும் உண்டு. அதை மாற்றினால் இன்ஜினின் விசை பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களுக்கும் செல்லும். 'லோ' நிலையில் வண்டி ஆமைபோல் ஊரும். ஆனால் சக்கரங்களின் இழுவிசை பன்மடங்கு பெருகும். இரண்டாம் உலகப் போரின்போது போர்க்களத்துக்கென ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் அமெரிக்காவில் செய்யப்பட்டன. போருக்காகப் பிறந்த வண்டி, இன்று எங்கள் மலையில் நோயாளிகளைச் சுமக்கிறது!

சேற்றுப் பகுதி வந்தது. ஓட்டுநர் அண்ணன் டயர்களில் காற்றைச் சற்றுக் குறைத்தார். காற்றுக் குறைந்த டயர் அகலமாகப் படிந்து மண்ணை நன்றாகப் பற்றும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்பிவிட வேண்டும்.

அடுத்து ஓர் ஓடை. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்னும் பழமொழியின் பொருள் அங்கேதான் எனக்கு முழுமையாக விளங்கியது. விவசாயி வேட்டியை மடித்துக் கட்டி, கையில் கழியுடன் குளிர்ந்த நீரில் இறங்கி அக்கரைவரை நடந்தார். "முழங்காலுக்குக் கீழதானுங்க. அடியில கல்லு கெட்டியா இருக்குது, வாங்க அம்மிணி" என்று குரல் கொடுத்தார். முதல் கியரிலேயே, நடுவில் நிறுத்தாமல், ஒரே சீராகச் செலுத்திக் கரையேறினேன். ஏறியதும், நனைந்த பிரேக் உலர, அதை இரண்டு மூன்று முறை இலேசாக மிதிக்கச் சொன்னார்கள்.

கடைசியாக ஒரு செங்குத்தான ஏற்றம். பாதி ஏறியபோது, ஈர மண்ணில் சக்கரங்கள் சுழன்றனவே தவிர வண்டி நகரவில்லை. இடப்புறம் பள்ளம். என் கை நடுங்கியது. "திருப்பாதே! திருப்பினா வண்டி உருண்டுபோகும். ரிவர்ஸ் கியர் போட்டு வந்த தடத்துலயே நேராப் பின்னால விடு" என்றார் அக்கா. அவர் குரலில் பதற்றமே இல்லை. கீழே இறங்கியதும் நால்வரும் நடந்து சென்று பாதையைப் பார்த்தோம். பள்ளமான தடத்தில் கற்களை இட்டு நிரப்பினோம். இரண்டாம் முறை ஜீப் மெல்ல மெல்ல உச்சியை அடைந்தது. பதறாத காரியம் சிதறாது என்பது எவ்வளவு உண்மை!

உச்சியில் லைன் வீடுகள். ஒரு பாட்டி எங்களை அமரச் செய்து, சூடான தேநீர் தந்தார். நான் ஜீப்பிலிருந்து இறங்கியதைப் பார்த்தவர், "ராத்திரியில கூப்பிட்டா நீயும் வருவியா கண்ணு?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அக்கா பதில் சொன்னார்: "பகல்ல பத்து வாட்டி ஓட்டட்டும் பாட்டி. அப்புறம் ராத்திரிக்கு நானே அனுப்பறேன்."

இறக்கத்தில் முதல் கியரும் இன்ஜினுமே வண்டியைத் தாங்கின. கிளச்சைத் தொடவில்லை, பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும் என்பதால் அதையும் இலேசாகவே பயன்படுத்தினேன்.

அன்புத் தங்கைகளே! பதினெட்டு வயது நிறைந்து, உரிமம் பெற்றபின் நீங்களும் வண்டி ஓட்டுவீர்கள். அப்போது அறிந்தவர்களை அருகில் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். இறங்கி நடந்து பார்ப்பதை இழுக்காக எண்ணாதீர்கள். பிறர் உயிரைச் சுமக்கப் போகிறவர்க்கு நிதானமே முதல் தகுதி.

அந்த ஏற்றத்தில் இதுவரை ஏழு முறை ஓட்டிவிட்டேன். அக்காவின் கணக்கில் இன்னும் மூன்று பாக்கி.