வெள்ளையை வெள்ளையாக எடுக்க

காலை எட்டு மணிக்கே தருவைகுளம் உப்பளத்தில் கண் கூசியது. வரப்பில் குவித்திருந்த உப்பை நான் எடுத்த முதல் படத்தைப் பார்த்து போட்டோகிராபர் அண்ணாச்சி சிரித்தார். "என்ன தம்பி, உப்பை எடுக்கச் சொன்னா சிமெண்டை எடுத்து வச்சிருக்கீங்க?"

டொராண்டோவில் அக்கா மகன் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். குளிர்காலத்தில் போகிறேன், அவன் ஆட்டத்தைப் படம் எடுக்கப் பழக்கிவிடுங்கள் என்று கேட்டதற்குத்தான் உப்பளத்துக்கு அழைத்து வந்திருந்தார். பக்கத்துத் தூத்துக்குடிக்குப் பெயர் முத்துநகர். ஆனால் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. இங்கே வெள்ளையென்றால் இப்போது உப்புதான்.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். சட்டம் முழுக்க வெள்ளை நிறைந்தால், வெளிச்சம் கூடிப்போச்சு என்று ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். உப்புக்கும் பனித்தரைக்கும் ஒரே கதை. அண்ணாச்சி எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் ஏற்றினார். உப்பு வெளுத்தது, கூடை சுமந்து போன அக்காவின் முகமும் தெளிந்தது.

அண்ணாச்சிக்குச் சோறு போடுவது கல்யாண வீடு. ஆசை மட்டும் ஹாக்கி மேல். சாயங்காலம் கோவில்பட்டிக்குக் கிளம்பினோம்.

மாரீஸ்வரன் சக்திவேலின் ஊர் அது. 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் ஆடியவர். கிருஷ்ணா நகர் செயற்கைப் புல் மைதானத்தில் விளக்கு எரிந்தது. நமக்குப் பிரகாசம், கேமராவுக்கு அரையிருட்டு. உள்ளரங்கப் பனித்தளத்திலும் இதே பாடுதான். ஃபிளாஷ் போடலாமா என்றேன். "கல்யாண மேடையா இது? கோலி கண்ணு கூசி கோல் விழுந்தா நம்மளை அடிப்பாங்க" என்றார்.

ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு, துளை எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 6400. புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும், அசைந்த படத்தை யாராலும் காப்பாற்ற முடியாது என்பது அவர் கட்சி. விளக்கிலும் சூது உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கித் தெளியும்; அடுத்தடுத்த இரண்டு படங்கள் வேறு வேறு நிறத்தில் வரும். இதைச் சமாளிக்கும் வசதி புதிய கேமராக்களில் இருக்கிறது.

பந்தைத் துரத்தித் துரத்தி நான் எடுத்ததில் எல்லாம் முதுகுகள். பெனால்டி கார்னர் வந்தது. அண்ணாச்சி பந்தைப் பார்க்கவே இல்லை. அடிப்பவரின் வலது தோளில் குறி வைத்துக் காத்திருந்தார். தோள் இறங்கியதும் அமுக்கினார். நனைந்த தரையிலிருந்து தண்ணீர் விசிறியாகத் தெறிக்க, மட்டையை விட்டுப் பந்து அப்போதுதான் கிளம்பியிருந்தது.

ஐஸ் ஹாக்கியில் துரத்துவது இன்னும் வீண். பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை மூன்று அங்குல அகலம்தான். துள்ளாமலிருக்க உறையவைத்தே ஆட எடுப்பார்கள். தளத்தைச் சுற்றிலும் கண்ணாடி வேறு. லென்ஸை ரப்பர் ஹூடோடு அதில் ஒட்டிவைத்தால் பிரதிபலிப்பு விழாது. இந்தியாவில் பழக, 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்குக் கட்டிய டேராடூன் அரங்கு வரை போகவேண்டும். கோவில்பட்டிக்கு பஸ் டிக்கெட் போதும்.

அன்று நான் எடுத்தது அறுநூறுக்கு மேல். அண்ணாச்சி அழிக்காமல் விட்டது நாலு. அதில் ஒன்றில் பந்தே இல்லை. ஹெல்மெட் கம்பிக்குள் கோலியின் கண்கள் மட்டும்.