பம்பரின் தோல்

ஏப்ரல் 12, சனி

ஓஹையோவில் குளிர்காலமெல்லாம் சாலையில் கொட்டிய உப்பு இரண்டு மழையில் கரைந்து போயிருக்கிறது. கராஜைத் திறந்து பி.எம்.டபிள்யூவை வெளியே தள்ளினேன். 2002 என்பது அதன் பெயர், 1974 மாடல். பலருக்குப் பிடிக்காத அதன் பம்பர்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும் விளக்கு முதலியவை கெடக் கூடாது என்று அமெரிக்க அரசு 1973 மாடல்களிலிருந்து விதி கொண்டுவந்தது. அதற்காகவே மியூனிக் தொழிற்சாலையில் இந்தக் கனத்த அலுமினியப் பம்பரை மாட்டிக் கப்பலேற்றினார்கள். ஐரோப்பாவில் அதே காருக்கு ஒல்லியான குரோம் பம்பர். இங்கே பலர் இதைக் கழற்றிப் போட்டுவிட்டு அதை வாங்கி மாட்டுகிறார்கள். என் கார் இந்த முகத்தோடுதான் இந்த நாட்டுக்கு வந்தது, இதோடுதான் இருக்கும்.

இப்போது அது புரை விழுந்த கண் மாதிரி இருக்கிறது. வெளிறிப்போய், இடையிடையே வெள்ளைப் பொட்டுகள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முன் பம்பரைக் கழற்றி ஒரு மணி நேரம் பாலிஷ் போட்டேன். பலனில்லை. துணி வெள்ளையாகவே இருந்தது. அலுமினியத்தைத் தேய்த்தால் துணி கறுக்க வேண்டும். கறுக்கவில்லையென்றால் பாலிஷ் உலோகத்தைத் தொடவே இல்லை.

“அப்பா, இது அழுக்கா, துருவா?” என்றாள் மகள்.

“ரெண்டுமில்ல கண்ணு. இது தோல்.”

தொழிற்சாலையில் அலுமினியத்தை அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். அப்போது உலோகத்திலிருந்தே ஆக்சைடுப் படலம் வளரும். இதுதான் அனோடைஸிங். சில மைக்ரான் தடிமன்தான், ஆனால் பயங்கரக் கடினம். உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகளும் பெரும்பாலும் இதே அலுமினிய ஆக்சைடுதான். அரை நூற்றாண்டு உப்பும் வெயிலும் தின்று செத்துப்போன அந்தத் தோலுக்கு நான் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 26, சனி

அடுப்பு சுத்தம் செய்யும் நுரையில் காஸ்டிக் சோடா இருக்கிறது. தோலை உரிக்க அது போதும். ரப்பர் பட்டைகளை எடுத்துவிட்டு, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வெட்டவெளியில் அடித்தேன். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும்போது ஹைட்ரஜன் வரும். மூடிய இடத்தில் செய்யவே கூடாது. சில நிமிடத்தில் நுரை பொரியத் தொடங்கியது. கழுவினால் உள்ளே சாம்பல் நிறத்தில் வெற்று உலோகம். சலவைச் சோடா போட்டுத் தேய்த்தால் அலுமினியக் குண்டான் கறுத்துப்போகும் என்று அம்மா திட்டுவாள். அதே காரியம்தான் இது.

இடது முனையில் தவறு செய்துவிட்டேன். நுரை வெயிலில் காய்ந்துவிட்டது. வழிந்த இடமெல்லாம் கோடு கோடாக அரித்திருக்கிறது. ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 3, சனி

அந்தக் கோடுகளுக்காக 320 வாட்டர் பேப்பரிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பிறகு 400, 600, 800, 1000, 1500, 2000. தாள் மாற்றும்போதெல்லாம் தேய்க்கும் திசையையும் குறுக்காக மாற்றினேன். முந்தைய தாளின் கீறல் ஒன்று மிஞ்சினாலும் குறுக்கே தெரிந்துவிடும். 600-ஐ அவசரமாக முடித்தால் 2000-ல் அழ வேண்டிவரும். ஸ்டீல் வுல் பக்கம் போகவே இல்லை. அதன் இரும்புத் தூள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருப்பிடிக்கும்.

மாலையில் பஞ்சுச் சக்கரமும் பழுப்பு பாலிஷ் காம்பவுண்டும். துணி கறுத்தது. மசி மாதிரிக் கறுப்பு, விரல் ரேகையெல்லாம் அதுவே. அதைத் துடைத்தபோது மேப்பிள் மரத்தின் கிளைகள் பம்பரில் வளைந்து தெரிந்தன. இடது முனையில் விரல் வைத்தால் மட்டும் இன்னும் லேசாக ஒரு பள்ளம் தட்டுகிறது.

மே 10, சனி

கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சை அடிக்கச் சொல்கிறார்கள். கல் பட்டு ஒரு புள்ளி பெயர்ந்தால் ஈரம் அடியில் புகுந்து பரவும், வேண்டாம். மறுபடி அனோடைஸ் செய்வதுதான் முறை. ஆனால் இந்தக் கண்ணாடிப் பளபளப்பு கொஞ்சம் மங்கும். எனக்கு இந்த முகம் வேண்டும். தோல் உரித்த உலோகத்துக்கு மெழுகுதான் காவல், அதை நான்தான் விடாமல் போட வேண்டும். மாதம் ஒரு முறை. உப்புக் காலத்தில் வண்டி வெளியே வராது.

எஃகு போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அதனால் நைலான் வாஷர் வைத்து, கிரீஸ் தடவி மாட்டினேன்.

பின் பம்பர் பாக்கி. அதன் வலது போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன்.