நாரையும் யானையும்

இப்போதைய கார்களின் முகப்பில் தட்டையாக ஒரு கம்பெனி முத்திரை, அவ்வளவுதான். பழைய கார்களின் மூக்கு நுனியில் பறவையோ மிருகமோ பாய்வதுபோல் நிற்கும். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆரம்பத்தில் அது நின்ற இடம் ரேடியேட்டர் மூடி. அந்தக் காலத்தில் தண்ணீர் ஊற்றும் மூடி வெளியே, வண்டிக்கு முன்னால் உச்சியில் இருக்கும். அலங்காரத்துக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

'மாஸ்காட்' என்பது பிரெஞ்சுச் சொல். அதிர்ஷ்டம் தருவது என்று அர்த்தம். 1880இல் ஒத்ரான் இசையமைத்த 'லா மாஸ்கோத்' நாடகம் அதைப் பிரபலமாக்கியது. ஆனால் நான் சொல்லப்போகும் இரண்டும் அதிர்ஷ்டத்துக்காக வைத்தவை அல்ல.

முதலாவது, இஸ்பானோ-சுயிஸா காரின் நாரை. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு விமானி ஜோர்ஜ் கின்மேர் பெயர் தெரியும். முதல் உலகப் போரில் 53 எதிரி விமானங்களை வீழ்த்தியவர். 1917 செப்டம்பர் 11 அன்று புறப்பட்டவர் திரும்பவில்லை, வயது 22. அவ்வளவு உயரம் பறந்ததால் இறங்க முடியவில்லை என்று பிரான்சில் பிள்ளைகளுக்குச் சொன்னார்களாம். அவர் படைப்பிரிவின் சின்னம் நாரை. அல்சாஸ் மாநிலத்தின் பறவை. அவர் விமானத்தின் என்ஜின் இஸ்பானோ-சுயிஸா. போர் முடிந்ததும் அந்தக் கம்பெனி தன் கார்களில் நாரையை ஏற்றியது. சிற்பி பிரான்சுவா பாஸேன். கழுத்தை நீட்டி, இறக்கையைத் தாழ்த்தி, இன்னும் பறந்துகொண்டே இருக்கிறது.

இரண்டாவதும் அல்சாஸிலிருந்துதான். அங்கே மோல்சைம் ஊரில் எத்தோரே புகாட்டி கார் செய்தார். அவர் தம்பி ரெம்பிராண்ட், விலங்குகளைச் சிற்பமாக வடித்தவர். ஆண்ட்வெர்ப் மிருகக்காட்சிசாலையில் கூண்டுகளுக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்று வேலை செய்வார். போரில் அந்த விலங்குகள் பல கொல்லப்பட்டன. 1916 ஜனவரியில், 31 வயதில், பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார்.

பத்தாண்டுகள் கழித்து அண்ணன் 'ருவாயால்' என்ற பிரம்மாண்டமான காரைக் கட்டினார். அரசர்களுக்கென்று நினைத்தது, செய்தது சில, விற்றது 3. அதன் ரேடியேட்டர் மேல் பின்னங்கால்களில் நின்று துதிக்கையைத் தூக்கும் யானை, தம்பி செய்த சிற்பம். நாம் போனவர்கள் படத்துக்கு மாலை போட்டு நடுவீட்டில் மாட்டுகிறோம். அவர் தம்பியின் யானையை வண்டிக்கு முன்னால் நிறுத்தினார்.

பிறகு ரேடியேட்டர் பானெட்டுக்குள் போயிற்று. மூடியும் உள்ளே போனது. நடந்து போகிறவர்மேல் மோதினால் குத்திவிடும் என்று சட்டங்களும் வந்தன. அது நியாயம்தான். ஆனாலும் காட்சியகத்தில் நிற்கும் பழைய காரைப் பார்த்தால், சக்கரத்தைப் பார்ப்பதற்கு முன் மூடியைப் பாருங்கள். யாரையாவது நினைத்து வைத்ததாக இருக்கும்.