எறும்புக்கு வைத்த மருந்து யார் வாய்க்குப் போகும்?

காபியில் எறும்பு மிதந்தால், "எறும்பு தின்னா கண்ணு நல்லா தெரியும்" என்று சொல்லி அம்மாக்கள் டம்ளரை நீட்டிவிடுவார்கள். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் எறும்பு அவ்வளவுதான், ஒரு சிரிப்போடு போய்விடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கதையே வேறு. தூளியில் தூங்கிய பிள்ளை திடீரென்று வீறிட்டு அழும். துணியை விலக்கிப் பார்த்தால் கழுத்து மடிப்பில் நாலைந்து சிவந்த தடிப்புகள். வழிந்து காய்ந்த பாலைத் தேடி செவ்வெறும்பு வந்திருக்கும்.

அன்று சாயங்காலமே அப்பா கடைக்கு ஓடிப்போய் எறும்பு சாக்பீஸோ பவுடரோ வாங்கி வருவார். உண்மையான ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது!

எறும்பு சாக்பீஸ் பார்ப்பதற்கு ஸ்கூல் சாக்பீஸ் மாதிரியேதான் இருக்கும். ஆனால் அதில் இருப்பது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள். அமெரிக்காவில் இந்த சாக்பீஸை விற்பதே சட்டவிரோதம். நம் ஊரில் அதை சுவர் ஓரமாகக் கோடு போட்டுவிட்டு, மீதியை ஜன்னல் திட்டில் வைத்துவிடுகிறோம். தவழும் குழந்தை அந்தக் கோட்டின் மேல் கையை வைக்கும், அடுத்த நொடி அந்தக் கை வாயில் இருக்கும்.

"எங்க காலத்துல தூவாத பவுடரா?" என்று தாத்தாக்கள் கேட்பார்கள். அப்போது மூலைக்கு மூலை தூவிய பி.எச்.சி. பவுடரை இந்தியா 1997-ல் தடை செய்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த லிண்டேனைப் பயன்படுத்துவதும் 2013-ல் தடை செய்யப்பட்டது. ஒன்றும் ஆகாது என்று ஒரு தலைமுறையே நம்பிய பொருள்கள் இவை.

சரி, எறும்பு ஏன் வருகிறது?

சப்ளை இருக்கும் இடத்துக்கு டிமாண்ட் தேடி வரும், அவ்வளவுதான். முதலில் ஒரே ஒரு எறும்பு வேவு பார்க்க வரும். சர்க்கரையோ பிஸ்கட் தூளோ கிடைத்தால், திரும்பும் வழியெல்லாம் தரையில் ஒரு வாசனைத் தடம் வைத்துக்கொண்டே போகும். மற்றவை அந்தத் தடத்தைப் பிடித்து வரும். வரிசையில் போகும் நூறு எறும்பை நசுக்கினாலும் புற்றுக்குள் ராணி முட்டையிட்டுக்கொண்டேதான் இருக்கும். மழைக்காலத்தில் புற்றில் தண்ணீர் புகுந்தால் மொத்தக் குடும்பமும் வீட்டுக்குள் குடிவந்துவிடும். 2 மில்லிமீட்டர்தான் இருக்கும் மஞ்சள் பாரோ எறும்பு இன்னும் மோசம். மருந்து அடித்தால் கூட்டம் பிரிந்து போய் நாலு இடத்தில் புதுப் புற்று வைக்கும்!

காசு அதிகம் ஆகாத வழிகள்

1. தடத்தை அழிப்பது. விளக்குமாறால் பெருக்கினால் எறும்பு போகும், வாசனை போகாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால், எறும்பு நுழையும் ஓட்டையில் தொடங்கி சாப்பாடு இருக்கும் இடம் வரை அழுத்தித் துடைக்க வேண்டும். பாதி வினிகர் பாதி தண்ணீர் கலந்தும் துடைக்கலாம், மார்பிள் தரையில் மட்டும் வேண்டாம், கல்லை அரித்துவிடும்.

2. வழியை அடைப்பது. துடைத்துக் காய்ந்த பிறகு அந்த ஓட்டையை வெள்ளை சிமெண்டால் பூசிவிடலாம். அதுவரைக்கும் அங்கே கொஞ்சம் மஞ்சள்தூள். எறும்பு அதைத் தாண்டத் தயங்கும். ஆனால் இது தற்காலிகத் தடுப்புதான், புற்றை ஒன்றும் செய்யாது.

3. சப்ளையை நிறுத்துவது. சர்க்கரை டப்பாவுக்கு இறுக்கமான மூடி, உள்ளே நாலு கிராம்பு. குழந்தை சாப்பிட்ட இடத்தை உடனே ஈரத்துணியால் துடைப்பது. பால் பாட்டிலை ராத்திரி கழுவாமல் போடாமல் இருப்பது. மூன்றிலும் முக்கியமானது இதுதான், எல்லோரும் தவறவிடுவதும் இதைத்தான்.

4. கட்டில் காலுக்குக் கிண்ணம். பாட்டி வீட்டு அலமாரிக் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றது ஞாபகம் இருக்கலாம். சில எறும்புகள் தண்ணீரின் மேலேயே நடந்துவிடும், அதனால் ஒரு சொட்டு சோப்பு கலக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுவதும் அவசியம். இல்லையென்றால் எறும்பு போய் டெங்கு கொசு வந்துவிடும். கட்டில் சுவரையோ, போர்வை தரையையோ தொட்டால் கிண்ணம் வைத்தும் பயனில்லை.

தூளி என்றால் எறும்பு மேலிருந்து கயிறு வழியாக இறங்கும். பால் பட்ட தூளித் துணியை அன்றன்றே துவைத்து மாற்றுவதும், படுக்கவைக்கும் முன் கயிறையும் துணியையும் ஒருமுறை உதறிப் பார்ப்பதும்தான் வழி. சில வீடுகளில் கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றுவார்கள். குழந்தை மூச்சுவிடும் இடத்துக்கு மேலேயே அந்த வாடை நிற்கும், அது வேண்டவே வேண்டாம்.

இயற்கை என்றாலே பாதுகாப்பா?

இந்த விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். போராக்ஸ் பூமியில் கிடைக்கும் தாது உப்புதான். அதைச் சர்க்கரையில் கலந்து வைத்தால் எறும்பு கூட்டோடு சாகும் என்பதும் உண்மைதான். ஆனால் சர்க்கரை கலந்த விஷத்தைத் தரையில் வைத்தால் முதலில் ருசி பார்ப்பது யார்? கற்பூரம் சாமிக்கு ஏற்றுவது, அதனால் தீங்கில்லை என்று மூலையில் போடுகிறார்கள். சின்னக் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். மிளகாய்த்தூள் குழந்தையின் கையிலிருந்து கண்ணுக்குப் போகும். குழந்தை உள்ள வீட்டில் ஒரு பொருள் இயற்கையா செயற்கையா என்பது இரண்டாவது கேள்வி. வாய்க்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி.

கடித்துவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். முகம், உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். மருந்து எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எறும்பே இல்லாத வீடு யாருக்கும் சாத்தியமில்லை, அதற்கு ஆசைப்படவும் வேண்டியதில்லை. முன்பெல்லாம் வாசலில் அரிசிமாவுக் கோலம் போட்டு எறும்பின் பங்கை வெளியிலேயே கொடுத்துவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் கோலப்பொடி கல்மாவு, பிஸ்கட் தூள் மட்டும் வீட்டுக்குள்ளே! இன்றைக்கு ராத்திரி படுக்கும் முன் உங்கள் வீட்டுக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து தரையை ஒருமுறை பாருங்கள். எறும்பின் சாப்பாடு எங்கே கிடக்கிறது, ஜன்னல் திட்டில் எந்த சாக்பீஸ் மிச்சம் இருக்கிறது என்று இரண்டுமே தெரிந்துவிடும்.