குகை, ஆறு, களிமண்: பேராக்கில் இரண்டு நாள்

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவை நோக்கிப் போகும்போது, கம்பாரைத் தாண்டியதும் சாலையோரம் சுண்ணாம்புக் குன்றுகள் எழுந்து நிற்கும். பினாங்குக்குப் போகிற அவசரத்தில் நம்மில் பலர் அவற்றைக் காருக்குள்ளிருந்து பார்த்ததோடு சரி. அந்தக் குன்றுகளில் ஒன்றின் வயிற்றுக்குள் நடந்து போகலாம். பக்கத்து ஆற்றில் காற்றடைத்த படகில் இறங்கலாம். இன்னும் ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் களிமண் பிசைந்து பானை செய்யலாம். சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும்.

நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம்: நான், மனைவி, பிள்ளைகள் இருவர், அம்மா. அம்மா முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பயணத் திட்டத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: “ஏம்பா, நாங்க வயித்துப்பாட்டுக்குச் சேத்துல நின்னோம். நீங்க காசு கொடுத்துப் போய் நிக்கப் போறீங்களா?”

கேலியாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி இரண்டு நாளும் எங்கள் கூடவே வந்தது.

சிரட்டைக்குள் ஓர் ஆறு

கோப்பெங்குக்கு அருகே இருக்கிறது குவா தெம்புரோங். ‘தெம்புரோங்’ என்றால் தேங்காய்ச் சிரட்டை. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பெயர்க் காரணம் புரியும்; கவிழ்த்த சிரட்டையின் உட்புறம் போல வளைந்து உயர்ந்த கூரை. தீபகற்ப மலேசியாவின் பெரிய சுண்ணாம்புக் குகைகளில் இதுவும் ஒன்று. நீளம் 3 கிலோமீட்டருக்கும் மேல். அதில் ஏறக்குறைய 1.6 கிலோமீட்டருக்கு ஓர் ஆறு குன்றைத் துளைத்துக்கொண்டு ஓடுகிறது.

உள்ளே போக வெவ்வேறு பயணங்கள் உண்டு. மின்விளக்கும் நடைபாதையும் படிகளும் உள்ள பகுதியை வயதானவர்கள் முடிந்த அளவு பார்த்துத் திரும்பலாம். அம்மாவும் மனைவியும் அப்படிப் போனார்கள். நானும் பிள்ளைகளும் ஆற்று வழியைத் தேர்ந்தெடுத்தோம். தலைக்கவசம், நெற்றி விளக்கு, பிடிமானமுள்ள காலணி. சில இடங்களில் இடுப்பளவு தண்ணீர். சில இடங்களில் கூரை தாழ்ந்து, கையை ஊன்றித் தவழ வேண்டியிருக்கும். ஓரிடத்தில் வழிகாட்டி எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே இருட்டு. தண்ணீரின் ஓசை மட்டும். எப்போதும் கைப்பேசியோடு இருக்கும் மூத்தவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒரு காலத்தில் இந்தக் குகைக்குள்ளும் ஈயம் தோண்டியிருக்கிறார்கள். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுப் போராளிகள் இங்கே பதுங்கியிருந்தார்கள். இன்று பொழுதுபோக்காக நாம் தவழும் இடத்தில் பிழைப்புக்காகவும் உயிருக்காகவும் தவழ்ந்தவர்கள் உண்டு.

சுங்கை கம்பாரில்

பிற்பகலில் படகுச் சவாரி. சுங்கை கம்பார் மிரட்டுகிற ஆறு அல்ல. நீந்தத் தெரியாதவர்களும் உயிர்காப்பு அங்கியோடு போகலாம். ஆனால் துடுப்பை அழகுக்குக் கொடுப்பதில்லை. பின்னால் இருக்கும் வழிகாட்டி ‘முன்னால்’ என்றால் எல்லாரும் சேர்ந்து வலிக்க வேண்டும். ‘நிறுத்து’ என்றால் நிறுத்த வேண்டும். ஒருவர் தப்பினாலும் படகு பாறைப் பக்கம் திரும்பிவிடும். வீட்டில் எதற்கும் ஒத்துப்போகாத அண்ணனும் தங்கையும் அரை மணி நேரத்தில் ஒரே தாளத்தில் துடுப்புப் போட்டார்கள். கரையில் தேநீரோடு காத்திருந்த அம்மா, ஈரத்தில் நடுங்கி வந்த பேத்தியின் தலையைத் துவட்டிவிட்டுச் சிரித்தார்.

கூரையில் ஒரு துரை

ஞாயிறு காலை பசியாறியதும், பத்துகாஜா போகும் சாலையில் உள்ள கெல்லி மாளிகைக்குப் போனோம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை இது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, கட்டடம் பாதியில் நின்றது. வேலை செய்தவர்களில் மதராஸிலிருந்து வந்த தமிழர்களும் இருந்தார்கள்.

மாளிகையைப் பார்ப்பவர்கள் சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயிலையும் பார்க்க வேண்டும். தொழிலாளர்கள் கொள்ளைக் காய்ச்சலில் மடிந்தபோது, அவர்கள் கேட்டுக்கொண்டதால் கெல்லி இக்கோயிலைக் கட்டித் தந்ததாகச் சொல்வார்கள். நன்றிக்காக அவர்கள் சாமி சிலைகளோடு துரையின் உருவத்தையும் கூரையில் வைத்தார்களாம். “துரைக்குச் சிலை இருக்கு, செங்கல் தூக்குனவங்களுக்கு?” என்று சின்னவள் கேட்டாள். அம்மா மாளிகைச் சுவர் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

சாயோங் களிமண்

அங்கிருந்து ஈப்போ வழியாகக் கோலகங்சார். 1877இல் இந்த அரச நகரில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. நம் பாட்டன் பூட்டன்களைக் கப்பலேற்றிய பயிரின் முதல் தலைமுறை மரம். வழக்கமாக வேகமாக நடக்கும் அம்மா அங்கே வெகுநேரம் நின்றார். “இத்தனை பருத்த மரத்த நான் வெட்டுனதே இல்ல” என்றார்.

பேராக் ஆற்றின் மறுகரையில் சாயோங். ‘லாபு சாயோங்’ என்ற கறுப்பு மண்கூஜாவுக்குப் பெயர்பெற்ற ஊர். லாபு என்றால் சுரைக்காய். கூஜாவின் வடிவமும் அதுதான். மண்ணைக் காயவைத்து, இடித்து, சலித்து, நீரில் குழைக்கிறார்கள். முன்பு கையாலேயே உருட்டித் தட்டி உருவாக்கினார்கள். இப்போது பெரும்பாலும் அச்சில் வார்க்கிறார்கள். வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிச் சுடுகிறார்கள். சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு நெல் உமியில் புதைத்தால், புகை ஏறிக் கறுத்துவிடுகிறது. சாயம் எதுவும் இல்லை. மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாவதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. நம் வீட்டு மண்பானையின் அதே சங்கதி.

வருகிறவர்களுக்குக் களிமண் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்லும் பட்டறை ஒன்றில் உட்கார்ந்தோம். என் கிண்ணம் இரண்டு முறை சரிந்தது. மூத்தவனின் கைப்பேசி ஒரு மணி நேரமாகப் பையிலேயே கிடந்தது. சேற்றுக் கையோடு எப்படி எடுப்பான்? ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா, ஒரு பிடி மண்ணை வாங்கி, பேசிக்கொண்டே பிசைந்து, கட்டைவிரலால் நடுவில் அழுத்தி ஓர் அகல் விளக்கு செய்துவிட்டார். பட்டறைக்காரப் பெண்மணி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

வண்டியில் ஏறியதும் அம்மாவே தொடங்கினார்: “அன்னிக்குப் பெரட்டுக்கு நேரத்துல போகலைன்னா சம்பளம் இல்ல. இன்னிக்கு யாரும் விரட்டலப்பா. அதான் வித்தியாசம்.” அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை. கைகளால் உழைத்தே நம்மைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். அந்தக் கைகளுக்கு என்னென்ன தெரியும் என்று பேரப்பிள்ளைகள் பார்க்க, அங்காடி வளாகத்தில் கழிகிற வார இறுதிகளில் வாய்ப்பே இருப்பதில்லை.

போகிறவர்களுக்கு

கோலாலம்பூரிலிருந்து கோப்பெங் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். குகையின் ஆற்று வழிக்கும் படகுச் சவாரிக்கும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கனமழை பெய்தால் இரண்டுமே நிறுத்தப்படலாம். வழிகாட்டி வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். மாற்றுத் துணி இரண்டு செட், நீர்புகாப் பை, வழுக்காத காலணி அவசியம். தங்குவதற்குக் கோப்பெங்கிலும் ஈப்போவிலும் இடங்கள் உண்டு. சாயோங்கில் எல்லாப் பட்டறைகளிலும் பயிற்சி இருக்காது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

நீங்கள் செய்த பொருளை அன்றே சுட்டுத் தரமாட்டார்கள். ஈரம் முழுதும் காயாமல் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். எனவே அதை எப்படி வாங்கிக்கொள்வது என்பதையும் கிளம்பும் முன் பேசி முடித்துவிடுங்கள்.